வெந்தயம் போட்டால் முடி கூடுதலாகக் கொட்டுகிறது, நிறுத்திவிடலாமா?

பிப்ரவரி 2 (கேள்வி)

வெந்தயம் ஊறவைத்து அரைத்து வாரம் இரண்டு தடவை தலையில் போடுகிறேன். ஒரு மாதம் ஆச்சு. போட்ட அன்றைக்கு அலசும்போது கை நிறைய முடி வருது. முன்னாடி இவ்வளவு வந்ததில்லை. முடி தொட்டால் மெத்தென்று இருக்கு, அது உண்மை. ஆனால் குளியலறைத் தரையைப் பார்த்தால் பயமா இருக்கு. வெந்தயம் சிலருக்கு ஒத்துக்காது என்கிறார்கள். நிறுத்திடலாமா, இல்லை போடுற முறையில் தப்பா? இடுப்பு வரை முடி, கொஞ்சம் சுருள்.

பிப்ரவரி 2, இரவு

நிறுத்துவதற்கு முன்னால் வந்த முடியைப் பாருங்கள். அடுத்த முறை அலசும்போது வருவதில் இருபது முடியை எடுத்துக் காயவைத்து, வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றாகப் பிரித்து வையுங்கள். நரைத்த முடி என்றால் கறுப்புத் துணி. ஒவ்வொரு முடியின் இரண்டு நுனியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நுனியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒரு குமிழ் தெரிந்தால் அது வேர்க்காலிலிருந்து தானாக உதிர்ந்த முடி. குமிழ் எந்தப் பக்கமும் இல்லை, நீளமும் குட்டை என்றால் அது கொட்டிய முடியே அல்ல, நடுவில் அறுந்த முடி. இரண்டும் கைக்கு ஒரே மாதிரிதான் வரும். காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் வெந்தயத்தைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை, புகழ்வதிலும் அர்த்தமில்லை.

பிப்ரவரி 3

இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. சுருள் முடிக்காரர்கள் பலர் அலசும் நாளில் மட்டும்தான் சீப்பு போடுவார்கள். இடைப்பட்ட மூன்று நான்கு நாளில் உதிர்ந்ததெல்லாம் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிடக்கும், அலசும்போது மொத்தமாக வெளியே வரும். அதாவது ஒரே நேரத்தில் 200, 300 முடி வருவது கணக்குப்படி சரிதான். இடுப்பு வரை நீளம் என்றால் ஒரு முடி 70 செ.மீ. இருக்கும். நூறு முடி சேர்ந்தால் 70 மீட்டர். சுருட்டினால் நெல்லிக்காய் அளவு உருண்டையாகத் தெரியத்தான் செய்யும். குட்டை முடிக்காரருக்கும் அதே நூறுதான் கொட்டுகிறது, கண்ணில் படுவதில்லை.

பிப்ரவரி 6 (கேட்டவர்)

இருபது எண்ணினேன். குமிழ் இருந்தது 7. மீதி 13 அறுந்தது. சிலது விரல் நீளம்கூட இல்லை.

பிப்ரவரி 6

அப்படியானால் விஷயம் பிடிபட்டுவிட்டது. உங்களுக்குக் கொட்டவில்லை, உடைகிறது. உடைப்பது வெந்தயச் சக்கை.

வெந்தயத்தை எவ்வளவுதான் ஊறவைத்து மிக்ஸியில் அரைத்தாலும் அதன் தோல் மாவாகாது. விழுதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். அந்தத் துணுக்குகள் ஒவ்வொன்றும் சுருளின் வளைவில் போய் உட்காரும். காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அலசும்போது தண்ணீருக்கு வராது, எனவே விரலால் உருவி எடுப்பீர்கள், பிறகு சீப்பால் வாருவீர்கள். இதெல்லாம் நடப்பது முடி ஈரமாக இருக்கும்போது. ஈர முடி காய்ந்த முடியைவிட வலுக்குறைந்தது. தண்ணீர் உள்ளே போனதும் முடியின் புரத இழைகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்துவிடும். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், ஓர் அளவுக்கு மேல் நீண்டால் பழைய நிலைக்குத் திரும்பாது, அறுந்துவிடும். துணுக்கை உருவுகிற ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது.

மெத்தென்று இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் பொய்யில்லை. வெந்தயத்தின் பிசின் வேலை செய்கிறது, அதே நேரத்தில் தோல் கெடுக்கிறது. பிசினை மட்டும் எடுத்துக்கொண்டு தோலை எறிந்துவிட்டால் சண்டை முடிந்தது.

பிப்ரவரி 7: பிசின் மட்டும் எடுக்கும் முறை

இரண்டு மேசைக்கரண்டி வெந்தயம் (தோராயமாக 20–25 கிராம்). கழுவி அரை லிட்டர் தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே அடுப்பில் வைத்துச் சிறு தீயில் 15 நிமிடம். கொதி வந்ததும் தீயைக் குறைக்காவிட்டால் நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும், பக்கத்திலேயே நின்று கிளறுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் பலருக்கும் தவறுகிறது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீராகச் சொட்டக் கூடாது, கெட்டியாகவும் தொங்கக் கூடாது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுக்கி இறங்க வேண்டும். அந்தப் பதத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டுமே என்று விட்டால் ஆறியதும் களியாகிவிடும், பிறகு எந்தத் துணியிலும் இறங்காது.

சூடாக இருக்கும்போதே வடிகட்ட வேண்டும். இது முக்கியம். கம்பி வடிகட்டியின் மேல் மெல்லிய பருத்தித் துணியை விரித்து ஊற்றி, கரண்டியின் அடிப்பக்கத்தால் அழுத்துங்கள். துணியைக் கையால் பிழிய வேண்டாம், பிசின் கையில் ஒட்டினால் கொதிக்கும் தண்ணீரைவிட மோசமாகச் சுடும், உதறினாலும் விழாது. ஒரு டம்ளருக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். இடுப்பு வரை முடிக்கு ஒரு தடவைக்கு அது போதும். தோள்வரை முடி என்றால் பாதி.

ஆறியதும் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் அதில் தொட்டுப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய நூலாக இழுத்து, இரண்டு மூன்று செ.மீ. வந்ததும் அறுபட வேண்டும். நூலே வராவிட்டால் நீர்த்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி அடுப்பில் வைத்துச் சுண்டவிடுங்கள். விரலோடு கட்டியாக எழும்பி வந்தால் வெந்நீர் கொஞ்சம் ஊற்றி அடித்துக் கலக்குங்கள்.

போடும் முறையை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 7, இரவு (வேறொருவர்)

கொதிக்க வைத்தால் வெந்தயத்தின் சத்தெல்லாம் போயிடுமே? ஊறவைத்த தண்ணீரை மட்டும் தெளித்தால் போதாதா?

பிப்ரவரி 8

எந்தச் சத்து என்பதுதான் கேள்வி. முடியை வழவழப்பாக்குவது வெந்தயத்திலுள்ள கேலக்டோமன்னன் என்ற நார்ச்சர்க்கரை. இது 15 நிமிடச் சூட்டுக்கெல்லாம் கெடாது. சூட்டில் விதையிலிருந்து இன்னும் நன்றாகக் கரைந்து வெளியே வரும். வெந்தயத்தில் புரதம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, சாப்பிட்டால் உடம்புக்குச் சேரும். வெளியே தெரிகிற முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆன, உயிரில்லாத இழை. அதற்குச் செரிமானம் கிடையாது, இரும்பை மேலே தடவினால் உள்ளே போகாது.

இதே கேலக்டோமன்னன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கோந்து. கடையில் விற்கும் பல ஷாம்புகளில் கண்டிஷனர் வேலை செய்வது அதன் மாற்றப்பட்ட வடிவம்தான். தொழிற்சாலையில் அதற்கு நேர் மின்னூட்டம் ஏற்றிவிடுவார்கள். அடிபட்ட முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் அது போய்க் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், அலசினாலும் கொஞ்சம் தங்கும். வீட்டில் எடுக்கும் வெந்தயப் பிசினுக்கு அந்த மின்னூட்டம் இல்லை. அதனால் அலசினால் பெரும்பகுதி போய்விடும். வெந்தயத்தின் மென்மை அடுத்த அலசலோடு காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஒருமுறை போட்டால் ஒருமுறைப் பலன், சேமிப்பு கிடையாது.

ஊறவைத்த தண்ணீரைத் தெளிப்பது கெடுதல் இல்லை. பிசின் குறைவாகவே இருக்கும், மெல்லிய நேர் முடிக்கு அதுவே போதும். சுருளுக்குப் போதாது.

பிப்ரவரி 8, மாலை: போடும் முறை

முதலில் ஷாம்பு, பிறகு பிசின். வரிசையை மாற்றாதீர்கள். பிசினைப் போட்டு ஊறவைத்துவிட்டு ஷாம்பு போட்டால் ஷாம்பு அதை வழித்துக் கொண்டு போய்விடும், உழைப்பு வீண்.

ஷாம்பு போட்டு அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சொட்டும் ஈரம் போயிருக்க வேண்டும், ஈரப்பதம் இருக்க வேண்டும். முடியை நான்கு பாகமாகப் பிரித்து, காது மட்டத்துக்குக் கீழே நுனிவரை பிசினைத் தடவுங்கள். இப்போது, பிசின் முடியில் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போங்கள். சிக்கு எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. பிசின் முடிகளுக்கு நடுவில் வழுக்கிக்கொடுக்கும், சீப்பு இழுக்காது. வெந்தயத்தின் முக்கால்வாசிப் பலன் இந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. இழுபடாமல் சிக்கு விட்டால் உடையாது, உடையாத முடி நீளமாகத் தங்கும். "வெந்தயம் போட்டேன், முடி வளர்ந்தது" என்பதில் உண்மை இருக்கிறது என்றால் அது இதுதான்.

15 நிமிடம், அதிகபட்சம் 20. அதற்குள் ஓரங்கள் காய ஆரம்பித்தால் தண்ணீர் தெளியுங்கள். பிசின் காய்ந்தால் முடி விறைத்துக் குச்சியாகிவிடும், அதை வளைத்தால் உடையும். ராத்திரி முழுக்க வைத்திருந்தால் இன்னும் நல்லது என்பது தவறு.

அலசும்போது தலையைக் குனிந்து கசக்க வேண்டாம். நிமிர்ந்து நின்று, தண்ணீர் மேலிருந்து கீழே ஓடட்டும். கை வழுக்குவது நிற்கும்வரை அலசுங்கள். சரியாக அலசாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைச் செதிலாக உதிரும். அதைப் பொடுகு என்று நினைத்து மறுநாள் இன்னும் வெந்தயம் போடுகிறவர்கள் நிறையப் பேர். செதிலைத் தண்ணீரில் நனைத்தால் கொழகொழவென்று கரைந்தால் அது பிசின், கரையாவிட்டால் பொடுகு.

பிப்ரவரி 9

ஒவ்வாமை பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், தாமதமாகிவிட்டது. வெந்தயம் பயறு வகையைச் சேர்ந்தது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தலையில் வெந்தய விழுது தடவியதும் முகம் வீங்கி மூச்சிரைப்பு வந்த ஒருவரைப் பற்றி 1997-இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடவி அரை மணி நேரம் கழித்துக் கழுவி, இரண்டு நாள் பாருங்கள். தடிப்பு, அரிப்பு, சிவப்பு எது வந்தாலும் தலைக்கு வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாமை ஏற்கெனவே தெரிந்தவர்கள் இந்தச் சோதனையைக்கூட வீட்டில் செய்ய வேண்டாம். வெந்தயப் பொடியை மூக்கருகே தட்டுவதும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

பிப்ரவரி 11 (கேட்டவர்)

வாசனை போக என்ன செய்யலாம்? தலையணை உறையெல்லாம் வெந்தய வாசம்.

பிப்ரவரி 11

அது சோட்டலோன் என்ற பொருளின் வாசம். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், முழுக்கப் போக்க முடியாது. குறைக்கலாம். பிசினை மேல்மண்டையில் தடவாமல் இருப்பது, நன்றாக அலசுவது, முடி முழுக்கக் காயாமல் படுக்காமல் இருப்பது. எலுமிச்சைச் சாறு விட்டால் வாசம் போகும் என்று யாராவது சொல்வார்கள், அதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்: வேண்டாம். புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். குறையக் குறைய அமிலம் கூடுதல்; எலுமிச்சையுடையது 2-ஐ ஒட்டியது, தலைத்தோலுடையது 5.5 அளவில். எரியும். அதோடு சாறு நெற்றியிலோ கழுத்திலோ வழிந்து வெயில் பட்டால் தோல் கொப்பளித்துக் கறுக்கும், அந்தக் கறை மறையப் பல வாரம் ஆகும்.

பிப்ரவரி 12: திருத்தம்

8-ஆம் தேதி எழுதியதில் காது மட்டத்துக்குக் கீழே என்றேன். அது நேர் முடிக்கும் அலை முடிக்கும் சரி. இறுக்கமான சுருளுக்கு அது போதாது, வேருக்கு இரண்டு விரல் கீழிருந்தே தடவ வேண்டும். சுருள் முடியில் தலைத்தோலின் எண்ணெய் வளைவுகளைத் தாண்டிக் கீழே இறங்காது, அதனால் மேல்பகுதியும் வறண்டுதான் இருக்கும். "கொஞ்சம் சுருள்" என்று கேட்டவர் எழுதியிருப்பதால் அவருக்குக் காது மட்டத்திலிருந்தே தொடங்கினால் போதும். எண்ணெய்ப் பிசுக்குள்ள மெல்லிய முடிக்காரர்கள் நுனி ஒரு சாண் மட்டும். அதிகமாகப் போட்டால் முடி தொங்கிப்போய் அடர்த்தி குறைந்த மாதிரி தெரியும்.

பிப்ரவரி 14 (வேறொருவர்)

தேங்காய் எண்ணெய் தடவி, அதன் மேல் வெந்தயம் போடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த முறை. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

பிப்ரவரி 14, இரவு

இரண்டும் நல்லது, ஒன்றன் மேல் ஒன்று வேண்டாம். எண்ணெய் மேல் பிசின் பிடிக்காது, திட்டுத் திட்டாக நிற்கும். பிறகு எண்ணெய் போக இரண்டு தடவை ஷாம்பு, இரண்டு தடவை கசக்கல். உடைவது அங்கேதான் கூடுகிறது. எண்ணெய் ஷாம்புக்கு முன்னால், பிசின் ஷாம்புக்குப் பின்னால். நடுவில் ஷாம்பு நிற்கட்டும்.

வீட்டு வைத்தியங்களில் தேங்காய் எண்ணெய்க்குத்தான் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஆதாரம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2003-இல் வெளிவந்தது. முடியிலிருந்து கழுவும்போது போகும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அடிபட்ட முடியிலும் சரி, அடிபடாத முடியிலும் சரி. காரணம் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள் நுழைகிறது. மற்ற இரண்டும் மேலேயே நின்றுவிடுகின்றன. உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் குறைவாகப் போகும், முடி ஊதிச் சுருங்குவது குறையும், மேல் செதில்கள் கிளம்பி உடைவதும் குறையும்.

அளவு: தோள்வரை முடிக்கு ஒரு தேக்கரண்டி, இடுப்புவரைக்கு இரண்டு. உள்ளங்கையில் தேய்த்துப் பரப்பி, முடித்தண்டில், முக்கியமாக நுனியில். வழிய வழிய ஊற்றினால் கூடுதலாக உள்ளே போகாது, ஷாம்புதான் கூடுதலாகச் செலவாகும். சில மணி நேரம் ஊறட்டும்.

பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சை கொழுப்பமிலங்களைத் தின்று வளர்கிறது. எண்ணெய் தடவியதும் செதில் நனைந்து படிந்துவிடும், போய்விட்ட மாதிரி தெரியும். இரண்டு நாளில் இன்னும் அதிகமாகக் கிளம்பும். இதற்குக் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த ஷாம்பு வாரம் இரண்டு முறை, நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் விட்டு அலசுவது. வெந்தயத்தால் பொடுகைத் துரத்தப் பார்ப்பது நேர விரயம்.

பிப்ரவரி 15

விளக்கெண்ணெய் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். அது வேறு ரகம். ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் ரிசினோலிக் அமிலம், அதனால்தான் அந்தக் கெட்டி. நீள முடியில் தனியாக ஊற்றி, பிறகு வெந்நீரில் வட்டமாகத் தேய்த்து அலசினால், முடி முழுக்க ஒரே கட்டியாகச் சடை பிடித்துவிடும் ஆபத்து உண்டு. குருவிக்கூடு மாதிரி இறுகி, பிரிக்கவே முடியாமல் வெட்ட வேண்டிவந்த நிகழ்வும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. வேண்டும் என்றால் ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய், நுனிக்கு மட்டும்.

முட்டை தடவலாமா என்று கேட்டவருக்கு: முட்டையின் புரதம் முடிக்குள் போக முடியாத அளவு பெரியது, மேலே படலமாகக் காயும். வெந்நீரில் அலசினால் தலையிலேயே பொரியலாகிவிடும், ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்க வேண்டும்.

பிப்ரவரி 19 (வேறொருவர்)

எனக்கு இருபதில் பதினெட்டு குமிழோடு இருக்கு. அப்ப என்ன அர்த்தம்? வெந்தயம் போட்டு ஒரு மாதத்தில் குறைஞ்சிருக்கு, அதனால் தொடரலாம்னு இருக்கேன்.

பிப்ரவரி 19, இரவு

உங்களுக்கு நடப்பது உதிர்வு. இதை வெந்தயம் தொடாது. ஒரு கேள்வி: இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி மாதிரியான டயட், பெரிய மன அதிர்ச்சி ஏதாவது?

ஏன் இரண்டு மூன்று மாதம் என்றால், தலைமுடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழற்சி. வளரும் கட்டம் இரண்டு முதல் ஆறு ஆண்டு, பிறகு இரண்டு மூன்று வாரம் ஒடுங்கும், அப்புறம் ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா நின்று உதிரும். உடம்புக்குப் பெரிய அடி விழுந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் அன்றே விழாது. மூன்று மாதம் நின்றுவிட்டு ஒன்றாக விழும். அதற்குள் காய்ச்சலே மறந்துபோயிருக்கும்.

இந்த உதிர்வு பெரும்பாலும் சில மாதத்தில் தானே அடங்கும். இப்போது கணக்குப் பாருங்கள். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது பயந்துபோய் ஒருவர் வெந்தயமோ வெங்காயமோ கறிவேப்பிலையோ தொடங்குகிறார். ஆறு வாரத்தில் உதிர்வு குறைகிறது. அது குறையும் வேளைதான், ஒன்றும் போடாவிட்டாலும் குறைந்திருக்கும். பெயர் வெந்தயத்துக்குப் போகிறது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். அதனால்தான் இந்த வைத்தியங்களுக்கு இத்தனை சாட்சிகள். ஒரு ஆள் அனுபவத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாமல் போவதும் இதனால்தான்.

தொடர்வதில் கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாத நிலைமைகள் சில: உதிர்வு ஆறு மாதத்தைத் தாண்டினால், வகிடு அகலமாகிக்கொண்டே போனால், நெற்றியோரம் ஏறினால், வட்டத் திட்டாக வழுக்கை விழுந்தால், தோல் சிவந்து வலித்தால். இவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவர். ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு பார்ப்பார்கள். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை தின்றுகொண்டிருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சில பரிசோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டவைக்கும்.

பிப்ரவரி 20

நேற்று வெங்காயத்தைப் போகிற போக்கில் சேர்த்துவிட்டேன், அது நியாயமில்லை. வெங்காயச் சாற்றுக்கு ஓர் ஆய்வு இருக்கிறது, 2002-இல் வந்தது. சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது, வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் 2 பேருக்கு. நல்ல எண்தான். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது புழுவெட்டு, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி வேர்க்காலைத் தாக்குவதால் விழும் வட்ட வழுக்கை. சின்ன ஆய்வு. பரம்பரை வழுக்கைக்கோ சாதாரண உதிர்வுக்கோ அதைப் பொருத்திப் பேச முடியாது. பகிரப்படும்போது இந்த வரி மட்டும் காணாமல் போய்விடுகிறது.

ரோஸ்மேரி எண்ணெய்க்கு 2015-இல் ஒன்று. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேர், பாதிப் பேருக்கு ரோஸ்மேரி, பாதிப் பேருக்கு மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்து 2 சதவீதம், ஆறு மாதம். மூன்றாவது மாதத்தில் இரண்டிலும் மாற்றமில்லை, ஆறாவது மாதத்தில் இரண்டிலும் கொஞ்சம் கூடியிருந்தது. ஒன்றும் போடாத மூன்றாவது குழு அதில் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முயல்கிறவர்கள் நேராக ஊற்றாதீர்கள். 30 மி.லி. எண்ணெயில் 6 சொட்டு விட்டால் ஏறக்குறைய ஒரு சதவீதம், அதில் தொடங்குங்கள். ஆறு மாதம் பொறுக்க முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம்.

மார்ச் 4 (கேட்டவர்)

வடிகட்டிப் போட ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. வாரம் ஒரு தடவைதான். நேற்று இருபது எண்ணினேன். 15 குமிழ், 5 அறுந்தது. ஆனா மொத்தமா எவ்வளவு கொட்டுதுன்னு எப்படிக் கணக்குப் பார்க்கறது?

மார்ச் 4

விகிதம் திரும்பிவிட்டது பாருங்கள். உடைவது குறைந்தால் குமிழ் முடியின் பங்கு தானாகவே கூடித் தெரியும், அதைப் பார்த்து வேர் பலவீனமாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

மொத்தக் கணக்குக்குத் தரையில் கிடப்பதை எண்ணாதீர்கள், பைத்தியமே பிடிக்கும். அலசப்போகும் முன், முடி காய்ந்திருக்கும்போது, வெளிர் நிறத் துணியை விரித்துத் தலையை முன்பக்கம் சாய்த்து, உச்சியிலிருந்து நெற்றிப் பக்கமாக 60 விநாடி சீவுங்கள். துணியிலும் சீப்பிலும் உள்ளதை எண்ணுங்கள். அடுத்தடுத்த மூன்று அலசலுக்கு இப்படி எண்ணிச் சராசரி எடுத்து எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை அதே சீப்பு, அதே இடைவெளி. மூன்று நாளுக்கு ஒருமுறை அலசுகிறவர் ஒரு மாதம் மட்டும் ஐந்து நாள் விட்டு எண்ணினால் எண்ணிக்கை கூடித்தான் வரும், அது உதிர்வு கூடியதாக ஆகாது.

நுனியில் ஏற்கெனவே பிளந்திருப்பது ஒட்டாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளர்கிறது. இடுப்பில் தொங்கும் நுனிக்கு வயது ஐந்து ஆண்டுக்கு மேல், அத்தனை ஆண்டுச் சீப்பும் வெயிலும் அதில் இருக்கிறது. பிளவுக்கு மேலே இரண்டு செ.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டாமல் விட்டால் பிளவு மேலே ஏறும், வெந்தயம் அதை மறைத்துக் காட்டும், அவ்வளவுதான்.

மார்ச் 6 (வேறொருவர்)

ஒவ்வொரு வாரமும் கொதிக்க வைக்க நேரமில்லை. மொத்தமாகச் செய்து வைத்தால்?

மார்ச் 6, இரவு

வெளியில் வைத்தால் ஒரு நாள். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள். தண்ணீரும் சர்க்கரைப் பிசினும் சேர்ந்தது, நுண்ணுயிருக்கு விருந்து. புளித்த வாசம், நீர் பிரிந்து மேலே நிற்பது, விரலில் தொட்டால் நூலே வராமல் போவது, இதில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். இரண்டு சொட்டு வாசனை எண்ணெய் விட்டால் கெடாது என்பதை நம்ப வேண்டாம்.

மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை மூடியுள்ள டப்பாவில் ஃப்ரீசரிலேயே வையுங்கள். தோள்வரை முடிக்கு நான்கைந்து கட்டி. முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் உருகியிருக்கும். உருகியதும் முள்கரண்டியால் நன்றாக அடித்துக் கலக்கி, விரலில் தொட்டு நூல் வருகிறதா பாருங்கள். உருகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம்.